வேலியைப் பிடுங்கியது யார்

ஜனவரி இரண்டாம் வாரம் ரோஸ்விதாவிடமிருந்து ஓர் உறை வந்தது. தடித்த, பாலாடை நிறக் காகிதம். 'காஸியான் லாட்னரின் நினைவாக, அவருடைய மனைவி எங்கள் ஹோட்டலில் மூன்று இரவுகள் விருந்தினராகத் தங்கிச் செல்ல அன்புடன் அழைக்கிறோம். உங்கள் ரோஸ்விதா.'

அந்த 'உங்கள்'தான் எனக்கு இடித்தது. நானும் அவளும் ஒரே பெஞ்சில் எட்டு வருடம் படித்தவர்கள். இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் யாரையும் 'நீங்கள்' என்பதில்லை. பாதிரியாரும் 'நீ'தான். அந்த மரியாதையெல்லாம் வெளியூரிலிருந்து வந்து காசு கொடுத்துத் தங்குகிறவர்களுக்கு. என் கணவன் அவள் ஹோட்டலின் நிலவறையில் முப்பத்தொரு பனிக்காலம் வேலை பார்த்தான். அத்தனை வருடத்தில் ஒரு கோப்பை காபிக்கு அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. அவன் செத்து இரண்டு மாதத்தில் மூன்று இரவாம்.

அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹோட்டலின் பின்புறம், எங்களுக்கு ஒரு புல்வெளி இருக்கிறது. காஸியானின் அப்பா விட்டுப்போனது. மலையிலிருந்து இறங்கும் பனிச்சறுக்குப் பாதையின் கடைசி இருநூறு மீட்டர் அதன் குறுக்கேதான் வருகிறது. அதைத் தாண்டினால் ஹோட்டலின் பின்வாசல். 'வாசலில் சறுக்குப் பலகையை மாட்டி, வாசலில் வந்து கழற்றலாம்' என்று ஹோட்டலின் எல்லா விளம்பரத்திலும் இருக்கும். புல்வெளியில் வேலி நின்றால் அத்தனை சீமான்களும் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு, அந்தக் கல் போன்ற பூட்ஸோடு, தார்ச்சாலையில் தத்தித் தத்தி நடந்து வர வேண்டியதுதான்.

ஒவ்வொரு வருடமும் நவம்பர் பதினொன்று, மார்ட்டின் நாளன்று, காஸியான் வேலியருகே போய் நிற்பான். முன்பு ரோஸ்விதாவின் அப்பா, பிறகு ரோஸ்விதா, ஒரு குப்பி வேர்ச் சாராயத்தோடு வருவாள். "இந்தப் பனிக்காலம் விடுவியா?" "விடறேன்." கைகுலுக்கல். ஆளுக்கொரு சிறு கோப்பை. பிறகு காஸியான் கம்பங்களைப் பிடுங்குவான். பத்திரத்தில் எழுதிக் கொடு என்று அவர்கள் கேட்காத வருடமில்லை. அவன் எழுதிக் கொடுத்த வருடமுமில்லை. முப்பது வருடம் கேட்காமல் ஒருவர் நிலத்தின் மேல் போய் வந்தால் போய் வருவதே உரிமையாகிவிடும் என்பது எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதனால்தான் வருடாவருடம் கேட்கிறார்கள், வருடாவருடம் கொடுக்கிறோம்.

காஸியான் நவம்பர் ஐந்தாம் தேதி போய்விட்டான். சீசனுக்காக நிலவறையைத் தயார் செய்துகொண்டிருந்தவன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போயிருந்தான். இதயம். "யாருக்கும் தெரியாம, அவனுக்கே தெரியாம போயிட்டான்" என்று எல்லோரும் சொன்னார்கள். என்னைக் கொஞ்சம் தேற்றியது அந்த ஒரு வார்த்தைதான்.

மார்ட்டின் நாளன்று நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. டிசம்பரில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மலையேற்ற வண்டியில் கூட்டிப்போனபோது மேலேயிருந்து பார்த்தேன். எங்கள் புல்வெளியில் வேலி இல்லை. சிவப்பும் மஞ்சளுமாக ஆட்கள் சறுக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. வேலியைப் பிடுங்கியது யார்?

அழைப்பைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போட்டால், யார் என்று தெரியாமலே போய்விடும். ஒரு பெட்டியில் இரண்டு மாற்றுடை வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் வீட்டிலிருந்து ஹோட்டலுக்கு நானூறு மீட்டர். அதற்குக் கார் அனுப்பியிருந்தார்கள். ஓட்டுநர் என் பெட்டியை வாங்க, நான் விடாமல் பிடித்துக்கொள்ள, கடைசியில் இருவருமாகத் தூக்கி வைத்தோம். வாசலில் ரோஸ்விதா, விருந்தினர்களை வரவேற்கும் நீண்ட பச்சைப் பாவாடையில், கையை நீட்டினாள்.

"வாங்க, வாங்க. பயணமெல்லாம் சௌகரியமா இருந்ததா?"

"பாலத்துல ஒரு நாய் குறுக்க வந்துச்சு. மத்தபடி சௌகரியம்தான்" என்றேன்.

சுற்றிலும் ஆட்கள் நின்றதால் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாம் மாடியில் ஓர் அறை. உள்ளே போனதும் கதவைத் தாழிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காலுக்கடியில் தரை சுடுகிறது. குளியல் தொட்டி குளியலறையில் இல்லை, படுக்கைக்கும் ஜன்னலுக்கும் நடுவே கிடக்கிறது. பதினோரு வகைத் தலையணைகளுக்கு ஒரு பட்டியல். கோதுமை உமி, குதிரை மயிர், ஏதோ ஒரு மரச் சீவல். சுவர்களில் பழைய பலகைகள். அவை எங்கள் ஊர்ப் புல் கொட்டகைகளைப் பிரித்து வாங்கியவை. பூச்சி அரித்த தடத்தை அப்படியே விட்டு, மேலே மெருகெண்ணெய் பூசியிருக்கிறார்கள். எங்கள் கொட்டகைக்கும் ஒருமுறை விலை பேசினார்கள். "மழை பெய்ஞ்சா புல்லு எங்க போகும், உன் அறை நம்பர் இருநூத்தி எட்டுக்கா?" என்று காஸியான் கேட்டு அனுப்பிவிட்டான்.

பழக்கூடையைத் தூக்கிப் பார்த்தேன். மேஜை இழுப்பறையில், தலையணைக்கடியில், தோல் உறை போட்ட கோப்புக்குள்ளும் பார்த்தேன். பத்திரம் எதுவும் இல்லை. சாக்லேட் மட்டும் இருந்தது. திரையை விலக்கினேன். ஜன்னலுக்கு நேர் கீழே எங்கள் புல்வெளி. நூறு அறையில் எனக்கென்று இதைத் தேர்ந்து கொடுத்திருக்கிறாள். பார், எவ்வளவு அழகாகப் போகிறார்கள், உனக்கு என்ன நஷ்டம் என்று கேட்பது போல இருந்தது.

அன்றைய இரவு உணவுக்கு எனக்கென்று ஒரு மேஜை. இங்கே ஒருவருக்கு ஒரு மேஜை என்று முதல் நாள் வைத்தால் கிளம்பும்வரை அதுதான். என் பெயர் எழுதிய சிறு அட்டை, எதிரெதிரே இரண்டு தட்டு. பரிமாறும் பெண் ஓசையில்லாமல் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். வேண்டுமென்றே வைத்து எடுத்தாளா, மறந்து வைத்தாளா என்று சூப் முடியும்வரை யோசித்தேன்.

பக்கத்து மேஜையில் ஒரு பெல்ஜியக்காரர், மனைவியோடு.

"இங்க முதல் தடவையா?" என்று அவர் கேட்டார்.

"ஆமாம்."

"எங்கேருந்து வர்றீங்க?"

"ஆத்துக்கு எதிர்ப்பக்கம்."

அது எந்த நாடு என்று அவர் யோசிப்பது தெரிந்தது. பத்தொன்பது வருடமாக வருகிறாராம். "இப்ப பழையபடி இல்லைங்க. கீழ ஒரு மனுஷர் இருந்தார். என் பேர் அவருக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. ஆனா காலையில இறங்கிப் போனா பூட்ஸ் சூடா, வார் தளர்த்தி, தயாரா இருக்கும்."

அவர் மேஜைக்கடியில் காலை நீட்டியிருந்தார். நான் பார்த்தேன்.

"நீங்க இருபத்தேழரையா?"

"என்னது?"

"இடது கால் கொஞ்சம் பெரிசு. சுண்டுவிரல் பக்கம் அழுத்தும். மூணு வருஷம் முன்னாடி அந்த இடத்தைச் சூடு பண்ணி ஒரு பட்டாணி அளவுக்குத் தட்டி விட்டிருப்பாங்க."

மனைவி முள்கரண்டியைக் கீழே வைத்தார். பெல்ஜியக்காரர் என்னையும் என் பெயர் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

காஸியானுக்கு யார் பெயரும் நிற்காது. கால் அளவு நிற்கும். சாப்பிடும்போது, "இருபத்தஞ்சும் முப்பதும் பேசிக்கறதில்ல இப்ப. பூட்ஸை வேற வேற வரிசையில வைக்கறாங்க" என்பான். அடுத்த வருடம் இருபத்தைந்து மட்டும் வரும். பூட்ஸுக்குள் கைவிட்டு ஈரம் பார்ப்பான். பலகையின் ஓரக் கம்பி கூராகிவிட்டதா என்று கட்டைவிரல் நகத்தில் சுரண்டிப் பார்ப்பான். பனிக்காலம் முழுக்க அந்த நகம் தேய்ந்து மொண்ணையாக இருக்கும். வெளியே போய் மூக்கால் காற்றை இழுத்துவிட்டு வந்துதான் பலகை வழுக்க அன்றைக்கு எந்த மெழுகு பூசுவது என்று முடிவு செய்வான். முடித்ததும் ஒவ்வொரு ஜோடிப் பலகையிலும் ஒரு சீட்டு கட்டுவான்: கால் அளவு, தேதி, அன்றைய வெப்பநிலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் ஜாம் குப்பிகளில் பழத்தின் பெயர் இருக்காது. தேதியும் வெப்பநிலையும் இருக்கும். திறந்து பார்த்துத்தான் என்ன பழம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

போன அக்டோபரில் ஒருநாள் வயிறு வலிக்கச் சிரித்தான். பக்கத்து வீட்டு எங்கல்பெர்ட் புல் அறுப்புக்குப் பிறகு எங்கள் புல்வெளியில் மாடு மேய்ப்பான். ஹோட்டல் அப்போது மூடியிருந்தது, வண்ணம் பூசுகிறவர்கள் மட்டும் இருந்தார்கள். எங்கல்பெர்ட்டின் மாடு ஒன்று நேராக ஹோட்டல் பின்முற்றத்துக்குப் போய், நீச்சல்குளத்துக் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்ததாம். புதிதாகப் பூசிய வெள்ளை அதன் முதுகில். எங்கல்பெர்ட் எங்கள் வாசலில் வந்து கத்தினான்.

"டேய் காஸியான், வேலி வேலின்னு ஊரெல்லாம் பேசற, வேலி எங்கடா?"

"கதவு சாத்த மறந்திருப்பேன்டா. உன் மாட்டுக்கு ரூம் போட்டாச்சா, அதச் சொல்லு."

எங்கல்பெர்ட் கோபத்தில் ஒரு வாரம் முன்னதாகவே மாடுகளைத் தொழுவத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். காஸியான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதற்கு முந்தைய மாதம் முழங்கால் வலி என்று இரண்டு முறை மாவட்ட மருத்துவமனைக்குப் போய் வந்திருந்தான். அப்புறம் நல்லாயிட்டான், சிரிக்கிறானே என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் நிலவறைக்கு இறங்கினேன். வரிசை வரிசையாகக் குழாய்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூட்ஸ் தலைகீழாக மாட்டி, உள்ளே வெதுவெதுப்பான காற்று. அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மேல் யாரோ புது மெத்தை போட்டிருந்தார்கள். காஸியானிடம் பன்னிரண்டு வருடம் வேலை கற்ற மிர்சாத் ஓடி வந்தான். போஸ்னியாக்காரன். அவன் மகள் என் வகுப்பில் படிக்கிறாள், அதனால் எத்தனை சொன்னாலும் எனக்கு 'நீங்க'தான்.

"டீச்சர்! உக்காருங்க, கால குடுங்க."

"எனக்கே மாட்டத் தெரியும்."

"இங்க மாட்டி விட்டாத்தான் விருந்தாளி. இல்லேன்னா திருட்டுத்தனமா நுழைஞ்ச ஆளு."

"நுழைஞ்ச ஆளு யாருன்னு கேக்கத்தான் வந்தேன், மிர்சாத். வேலியைப் பிடுங்கினது நீதானே?"

எனக்கென்று எடுத்த ஹோட்டல் பூட்ஸோடு அவன் அப்படியே மண்டியிட்டிருந்தான். "நானா?"

"உன் முதலாளியம்மா சொல்லாம நீ செஞ்சிருக்க மாட்ட. உன்மேல தப்பில்ல. ஆனா உண்மையச் சொல்லு."

"டீச்சர், எம் பொண்ணு மேல சத்தியம். மார்ட்டின் நாளன்னிக்கு முதலாளியம்மா குப்பியோட வேலிக்குப் போனாங்க, நானும் கூடப் போனேன். அங்க வேலி இல்ல. நீங்க பிடுங்கிட்டீங்கன்னு முதலாளியம்மா அழுதாங்க. 'பாரு, செத்த வீட்டுல இருந்துகிட்டு வாக்கக் காப்பாத்தியிருக்கா'ன்னாங்க. அதுக்குத்தானே உங்களக் கூப்பிட்டதே."

நான் நம்பவில்லை. ரோஸ்விதா அழுது நான் பார்த்ததில்லை. இதை அவளே சொல்லிக்கொடுத்திருப்பாள் என்றுதான் தோன்றியது. பூட்ஸை வாங்கி நானே மாட்டிக்கொண்டேன். பாதையில் நாலைந்து முறை இறங்கினேன், ஆனால் ஒருமுறைகூட எங்கள் புல்வெளிக்குள் இறங்கவில்லை. மேலேயே பலகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சாலை வழியாக நடந்து வந்தேன். ஹோட்டல் விருந்தினர் ஒருவர் அப்படி நடந்து வருவதைப் பார்த்து வாசல்காரர் பதறி ஓடி வந்தார், எனக்குக் கால் உடைந்துவிட்டதென்று.

மூன்றாம் நாள் காலை, காபி வேளையில், ரோஸ்விதா என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். கையில் ஓர் உறை. அதே பாலாடை நிறம்.

"எல்லாம் திருப்தியா இருந்ததுங்களா?"

"தலையணை பட்டியல்ல பதினொண்ணுதான் இருக்கு. அந்த உறையில இருக்கறது பன்னெண்டாவதா?"

அவள் முகம் சிவந்தது. "இது அவசரமில்ல. நீங்க படிச்சுப் பாருங்க. வருஷாவருஷம் கஷ்டப்படாம ஒரே தடவையா—"

"வேலியை யார் பிடுங்கினது?"

"நீதானே" என்றாள். 'நீங்க' தானாக உதிர்ந்துவிட்டது.

"நான் பிடுங்கல."

"சும்மா சொல்லாத. வேற யாரு?"

"உன் ஆளுங்க."

"ஏய் புர்கி, என் ஆளுங்க தொட்டிருந்தா நான் எதுக்குடி உன்ன மூணு நாள் சோறு போட்டு வெச்சிருக்கேன்? தொட்டது தொட்டதுன்னு பேசாம இருந்திருக்க மாட்டேனா?"

அதில் நியாயம் இருந்தது. ரோஸ்விதாவின் குணம் எனக்குத் தெரியும். எடுத்துக்கொண்டவள் நன்றி சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டாள். பொருள் திருட்டுப் போயிருக்கிறது, திருடியவன் மட்டும் இல்லை என்பது போல இருந்தது.

"கம்பமெல்லாம் எங்க?" என்றாள்.

"வழக்கமா புல்வெளிக் கொட்டகையில."

"வா."

அந்தப் பச்சைப் பாவாடையோடே மிர்சாதின் பனி பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இடுப்பளவு பனி. பாதையை விட்டு இறங்கியதும் இருமுறை விழுந்தாள். "ஸ்கூல்லயும் நீ இப்படித்தான்டி, எந்தச் சண்டைன்னாலும் என்னத்தான் முதல்ல சந்தேகப்படுவ" என்று எழுந்தபடியே திட்டினாள். கொட்டகைக் கதவு உறைந்து ஒட்டியிருந்தது. இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளினோம்.

உள்ளே கம்பங்கள். பருமனான முனை சுவர்ப்பக்கம், மெல்லிய முனை கதவுப்பக்கம், பத்துப் பத்தாக, பழைய சறுக்குப் பலகை வார்களால் கட்டி. இப்படி அடுக்குகிறவன் இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவன்தான். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு. முதல் சீட்டை ரோஸ்விதா எடுத்துக் கதவு வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மேல் வரிசை, ஒண்ணுலேர்ந்து பத்து. அக்டோபர் பதினாலு. பிளஸ் ஒன்பது."

"நவம்பரா இருக்கும். பதினொண்ணு" என்றேன்.

"அக்டோபர்டி. பதினாலு." சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாடு எங்க பின்முற்றத்துக்கு வந்தது பதினஞ்சாம் தேதி. பெயின்ட்காரன் பில்லுல எழுதியிருந்தான், 'மாட்டினால் மறுபூச்சு'ன்னு" என்றாள்.

நான் அடுத்த சீட்டை எடுத்தேன். காஸியானின் சீட்டுகளில் எண்ணும் தேதியும் வெப்பமும்தான் இருக்கும், அதற்கு மேல் ஓர் எழுத்து இருக்காது. அவனுக்கு அவனே சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமில்லையே. இதில் கீழே, பிள்ளைகள் காப்பி எழுதுவது போல நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தான்: 'ஏழு, பன்னிரண்டு, முப்பத்தொன்று அடியில் மக்கிவிட்டன, மாற்ற வேண்டும். லார்ச் மரம் மட்டும் போடவும். பனி உருகி ஒரு வாரம் கழித்து நட்டால் போதும், மண் இளகியிருக்கும். முதலில் மூலைக் கம்பம்.'

முப்பது வருடமாக அந்த வேலியை நட்டவன் அவன். யாருக்கு எழுதுகிறான்?

ரோஸ்விதாவும் அதைப் படித்தாள். காஸியான், நவம்பர் வரைக்கும் தான் இருப்போமா என்று சந்தேகப்பட்டு, ஒரு மாதம் முன்னாலேயே வந்து பிடுங்கியிருக்கிறான். கேட்க ஆள் வருவதற்கு முன்பே விட்டிருக்கிறான். முழங்காலாம். இரண்டு முறை மருத்துவமனையாம். நானும் பேருந்து நிறுத்தம்வரை கூடப் போய் வழியனுப்பினேன்.

"அப்ப இந்தப் பனிக்காலத்துக்கு அவன் குடுத்துட்டான்" என்றாள் ரோஸ்விதா, மெதுவாக.

"இந்தப் பனிக்காலத்துக்கு."

"அடுத்ததுக்கு?"

"மார்ட்டின் நாளுக்கு வேலிக்கிட்ட வா. குப்பிய மறந்துடாத."

"நீ குடிக்க மாட்டியே."

"அன்னிக்குக் குடிப்பேன்."

பையிலிருந்த உறையை அவள் வெளியே எடுக்கவில்லை. எடுத்துக் கிழித்திருந்தால் அவளை இன்னும் கொஞ்சம் நம்பியிருப்பேன். கிழிக்கவில்லை. அடுத்த வருடமும் அதைக் கொண்டுவருவாள். நானும் கையெழுத்துப் போட மாட்டேன். அது அப்படியே போகட்டும்.

மூன்றாவது இரவுக்கு நான் தங்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தே வந்தேன்.

வீட்டில் முதலில் விறகுக் கொட்டிலைப் பார்த்தேன். வழக்கமாக ஒரு பனிக்காலத்துக்கு அடுக்குவான். இந்தமுறை கூரைவரை, மூன்று பனிக்காலத்துக்கு இருந்தது. நன்றாக உழைக்கிறான் என்று செப்டம்பரில் பெருமைப்பட்டேன். சமையலறைக் கத்திகள் எல்லாம் சாணை பிடித்திருந்தன. கொதிகலன் பக்கத்தில் ஒரு சீட்டு: எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்று, அக்டோபர் இருபது, பிளஸ் நான்கு. நவம்பரிலிருந்து தினமும் அதைப் பார்த்துத்தான் திருப்பியிருக்கிறேன். தேதியைப் படித்ததே இல்லை.

இப்போது எதைத் தொட்டாலும் சந்தேகமாக இருக்கிறது. அந்த அக்டோபரில் அவன் சிரித்தது, திடீரென்று ஒருநாள் என்னைச் சாந்து குழைத்து ஓட்டையடைக்கப் பழக்கியது, படுக்கையில் சுவர்ப்பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்தது. எது சும்மா செய்தது, எது தெரிந்து செய்தது? கேட்டிருந்தால், "கதவு சாத்த மறந்திருப்பேன்" என்பது போல ஏதாவது சொல்லியிருப்பான். நான் நம்பியிருப்பேன்.

எங்கல்பெர்ட்டிடம் லார்ச் கம்பம் மூன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஏழு, பன்னிரண்டு, முப்பத்தொன்று. பனி உருகி ஒரு வாரம் கழித்து. மூலைக் கம்பம் முதலில்.